ஜெலுத்தோங்கின் எடை

கோர் வீட்டைக் காலி செய்தபோது
கட்டில் ஒருவருக்கு, மின்விசிறி ஒருவருக்கு,
மூடியில் துளை போட்ட ஐஸ்கிரீம் டப்பா எனக்கு.
உள்ளே ஒரு சிறுத்தைப் பல்லி.
வால் எப்போதோ அறுந்து மறுபடி முளைத்தது,
முள்ளங்கி மாதிரி மொத்தையாக.
"பழைய கூட்டத்தில் கடி வாங்கியது" என்றான்,
லிஃப்ட் கதவைக் காலால் தடுத்துக்கொண்டே.

என்னிடம் ஏற்கெனவே மூன்று. மூன்றும் பெட்டை.
ரெலாவிலிருந்து பட்டணம் போகும் பஸ்
நிற்கும் இடங்கள்தான் அவற்றின் பெயர்:
சுங்கை டுவா, குளுகோர், ஜெலுத்தோங்.
புதியதற்குப் பெயர் வைக்கவில்லை.
பெயர் வைத்தால் அவசரம் வந்துவிடும்.

ஹாலில் அவை. என் அறையில்
அலமாரி மேல் இது.
மணல் இல்லை, சமையலறைக் காகிதம்தான்;
கழிவின் நிறம் தெரிய வேண்டும்.
தனி இடுக்கி, தனித் தண்ணீர் மூடி.
முதலில் பழையவற்றுக்குத் தீனி, கடைசியில் இதற்கு,
பிறகு முழங்கை வரை சோப்பு.
"பல்லிக்குமா தீட்டு?" என்று கதிர்வேலன் சிரித்தான்.

இருபத்தாறாம் நாள்
புளியங்கொட்டை அளவு கழிவை டப்பாவில் அடைத்து
மருத்துவரிடம் கொண்டு போனேன்.
புழு.
மளிகைக்கடைச் சீனக் காலண்டரில்
போட்ட பெருக்கல் குறிகளை விட்டுவிட்டு
மறுபடி ஒன்றிலிருந்து.

சுவர்ப் பல்லி உச்சுக்கொட்டினால்
"சொல்லிருச்சு, நடக்கும்" என்பான் கதிர்வேலன்.
என்னுடையது எதுவும் சொல்லாது.
அதற்கு இமை உண்டு.
கேட்டால் கண்ணை மூடிக்கொள்ளும்.

ஒன்பது வாரம்.
டார்ச் அடித்து அடிவயிற்றைப் பார்த்தேன்: பெட்டைதான்.
சேர்ப்பதற்கு முன் எல்லாவற்றுக்கும் எடை,
கதிர்வேலன் மசாலா நிறுக்கும் தராசில்,
அவன் இல்லாத நேரத்தில்.
புதியது ஐம்பத்தைந்து கிராம். சுங்கை டுவா ஐம்பத்தெட்டு.
குளுகோர் எண்பத்தொன்று.
ஜெலுத்தோங் முப்பத்தேழு.

தராசைத் தட்டிவிட்டு மறுபடி வைத்தேன்.
முப்பத்தேழு.
போன வருட நோட்டில் நாற்பத்தொன்பது.

சண்டையே கிடையாது என் தொட்டியில் என்று
கோரிடம் சொல்லியிருந்தேன்.
ரத்தம் பார்த்ததில்லை, உண்மை.
சூடான கல் மேல் எப்போதும் குளுகோர் படுத்திருக்கும்,
குளிர்ந்த மூலையில் எப்போதும் ஜெலுத்தோங்.
கூச்ச சுபாவம் என்று நினைத்திருந்தேன்.
வெட்டுக்கிளிகளை எண்ணித்தான் போட்டேன்;
யார் வாய்க்குப் போனது என்று எண்ணவில்லை.

அன்றிரவு நாங்கள் நாலு பேரும்
தரையில் செய்தித்தாள் விரித்துச் சாப்பிட்டோம்.
இருதயம் கடைசியாகக் குழம்பு ஊற்றிக்கொண்டான்.
சட்டியில் மீன் இல்லை.
ஆறு வருடமாக அவன் அப்படித்தானோ?
எனக்குத் தெரியவில்லை.

சம்பளம் வந்ததும் இன்னொரு தொட்டி வாங்கினேன்.
குளுகோர் தனியாக, ராணி மாதிரி.
பழைய தொட்டியைக் கொதிநீரில் கழுவி
கல், பட்டை, தேங்காய் ஓடு
எல்லாவற்றையும் இடம் மாற்றினேன்.
மூன்று பேருக்கு நாலு பொந்து.
இனி யாருக்கும் அது பழைய வீடு இல்லை.

பொழுது சாயும் நேரம், மூன்றையும் விட்டேன்.
மூடியில் கை வைத்தபடி
இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.
அந்த மொத்தை வால் மெல்ல ஆடியது;
அது எச்சரிக்கை.
எழுந்து நின்றேன்.
சுங்கை டுவா காற்றை நக்கிப் பார்த்துவிட்டு
வேறு பக்கம் போனது. வால் அடங்கியது.

ஐந்தாம் இரவு
சூடான கல் மேல் ஜெலுத்தோங்,
நாலு காலையும் பரத்திக்கொண்டு.
நேற்று நாற்பத்திரண்டு கிராம்.

நேற்றுதான்
குழம்புக் கரண்டியை முதலில் இருதயத்திடம் நீட்டினேன்.
"என்னடா திடீர்னு" என்றான்,
இரண்டு துண்டு எடுத்துக்கொண்டான்.

புதியதற்கு இன்னும் பெயர் இல்லை.
தனிப்பெட்டியைக் கழுவிக்
காய வைத்திருக்கிறேன், அலமாரி மேல்.
தூக்கிப் போடவில்லை.